பங்கருக்குள் வேலி

ஹெலி வந்து ஊருக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போன கையோடு, கனகேஸ்வரி அடுப்பில் கொதித்த உலையைக்கூட இறக்காமல் பங்கருக்குள் இறங்கிவிட்டாள். ஹெலி வந்தால் பின்னாலே குண்டு போடுகிற பொம்பர் வரும், அது ஊரிலே பால்குடிக்கும் தெரிந்த விசயம். ஐம்பத்தாறு வயதில் நாரிப் பிடிப்போடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஐந்து மண்படி இறங்குவதென்றால் சும்மாவா, சிவசிவா என்று ஒவ்வொரு படிக்கும் ஒருதரம் சொல்லி இறங்கி, பலகையில் குந்தி, காணி உறுதி கிடக்கிற பையை மடியில் வைத்து, காதைக் கொடுத்தாள். வானத்துக்கு இல்லை. வானத்தில் வருகிறவன் கேள் கேள் என்று சத்தம் போட்டுக்கொண்டுதான் வருவான், அவனுக்குக் காது கொடுக்கத் தேவையில்லை. அவள் காதைக் கொடுத்தது இடது கைப்பக்கம், பங்கருக்கு நடுவிலே கட்டி நிற்கிற தென்னோலைக் கிடுகுக்கு. கிடுகுக்கு இங்கால இவளுடைய பாதி, அங்கால இவளுடைய கூடப்பிறந்த தங்கச்சி விமலாம்பிகையின் பாதி. ஒரு பங்கர், இரண்டு வாய், நடுவில் வேலி. சிரிப்பு வந்தால் சிரியுங்கோ, ஊரே சிரித்து ஓய்ந்த கதைதான் இது. மூன்று வருசமாய் அக்காவுக்கும் தங்கச்சிக்கும் பேச்சுப் பறைச்சல் இல்லை. தாய் இரண்டு பேருக்கும் சீதனமாய்ப் பிரித்து எழுதின வளவில் இரண்டடி நிலம், இரண்டே இரண்டடி, அது வேலிக்கு எந்தப் பக்கம் என்று வழக்குப் போட்டு, வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே நாட்டிலே சண்டை துவங்கி, நீதவானும் போய்க் கோடும் மூடிப்போச்சு. கோட்டை மூடினாலும் வழக்கை மூட ஆளில்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் வெளிநாட்டில், கனகத்தின் புருசன் மேலே போய்ச் சேர்ந்து எட்டு வருசம், விமலத்தின் புருசன் பாதை பூட்டுப்பட்டதால் கொழும்பிலே மாட்டுப்பட்டு நிற்கிறான். இரண்டு வளவிலும் ஒவ்வொரு பொம்பிளை, நடுவிலே வேலி, வேலிக்குக் கீழே பங்கர்.

அப்படி ஒரே குழியாய் வந்ததுக்கும் காரணம் இருக்கிறது. வீட்டுக்கு வீடு பங்கர் வெட்ட வேணும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். சொல்லுவது லேசு, வெட்டுவதுக்கு மண் வேணுமே. இந்த வளவில் இரண்டடி போனால் கல்லு, அலவாங்கு போட்டால் நெருப்புத்தான் பறக்கும். மண் ஆழமாய் இருந்த ஒரே இடம் ஆச்சி காலத்து எருக்கிடங்கு, அது சொல்லிவைத்தாற்போல வேலிக்கு நேர் கீழே. ஊர் விதானையார் வந்து இரண்டு பக்கமும் பார்த்து, உங்கட வழக்கைப் பேந்து பாப்பம், இப்ப உயிரைப் பாருங்கோ, ட வடிவத்தில் ஒன்று வெட்டினால் ஒரு பக்க வாய் மூடிப்போனாலும் மற்றப் பக்கத்தால் வெளியில வரலாம், முடக்கு இருந்தால் குண்டுச் சன்னமும் உள்ளே வராது, இதைவிட நல்ல பங்கர் யாழ்ப்பாணத்திலேயே இல்லை என்று சொன்னார். வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு, எல்லாம் வடிவாய் முடிந்த அடுத்த நாளே முடக்கிலே இரண்டு தடி நட்டுக் கிடுகு கட்டினது யார்? கனகம்தான். விட்டால் தங்கச்சி நாளைக்கு உள்ளுக்கு இருந்ததையும் சாட்சியாய்க் கோட்டிலே சொல்லுவாள், பங்கர் முழுக்கத் தன்ரை எண்டுவாள் என்று நினைத்தாள். மற்றவள் என்ன குறைஞ்சவளோ, அவள் தன்ரை பக்கத்தால் இன்னுமொரு கிடுகு கட்டினாள். இரண்டு மடிப்பு வேலி. குண்டுக்குப் பயந்து ஒளிக்கிற கிடங்குக்குள்ளே எல்லை போட்ட சனம் உலகத்தில் இந்த இரண்டு பேராகத்தான் இருக்கும்.

வந்திட்டான். முதலில் நெஞ்சுக்குள்தான் கேட்கும், பிறகுதான் காதுக்குள். கனகம் இரண்டு காதையும் விரலால் அடைத்து வாயை ஆவென்று திறந்தாள், வாயைத் திறந்தால் காதுச் சவ்வு கிழியாதாம். திறந்த வாயோடு இருக்கிறபோது நினைப்பு எல்லாம் எங்கேயோ ஓடும், ஒருதரம் பல்லுக் கட்டிய வைத்தியர், ஒருதரம் உலை, உலை பொங்கி அடுப்பு அணைஞ்சிருக்கும், அணைஞ்சால் நல்லது, புகை தெரியாது. கீழே பதிகிறான், பதிகிறான், சந்திப் பக்கம் எங்கோ குண்டு விழுந்தது. மண் குலுங்கிப் பனங்குற்றி இடுக்கால் பொலபொலவென்று தலையில் கொட்டியது. காதிலிருந்து விரலை எடுத்தாள். எடுத்ததும் கேட்க வேண்டிய சத்தம் ஒன்று இருக்கிறது. கிடுகுக்கு அங்காலயிருந்து, ஈ என்று இழுத்து, கொஞ்சம் நின்று, பிறகும் ஈ என்று இழுக்கிற சத்தம், விமலத்தின் முட்டு, மூச்சிழுப்பு. பங்கர் வெட்டின நாள் தொடக்கம் பிளேன் வந்த ஒவ்வொரு தரமும் அந்தச் சத்தம் அங்கே இருந்தது. சனியன் இழுக்கத் துவங்கிட்டுது என்று கனகம் மனதுக்குள் பேசுவாள், பேசிக்கொண்டே அதை எண்ணுவாள், இருபது இழுப்பு, முப்பது இழுப்பு, பிளேன் போய்விடும். தான் எண்ணுவதை அவள் தனக்கே ஒத்துக்கொண்டதில்லை. இண்டைக்கு அந்தச் சத்தம் இல்லை.

கோயிலுக்குப் போயிருப்பாள். இண்டைக்கு என்ன கிழமை, புதன், புதன்கிழமை அவள் கோயிலுக்குப் போகிறதில்லையே. கிணத்தடியில் வாளிச் சத்தம் விடியக் கேட்டது. குளிச்சிட்டு எங்கையாவது போயிருப்பாள், படலைச் சங்கிலி கிலுங்கினதே, கிலுங்கேல்லையே, அது நேற்று. முட்டு இண்டைக்குக் குறைவாய் இருக்கலாம், மனுசருக்கு ஒவ்வொரு நாளுமோ முட்டு வரும். மாரி காலத்தில் வரும். மாரி காலத்தில் ஒவ்வொரு நாளும்தான் வரும், அதை இவளைவிட யாருக்குத் தெரியும். விமலத்துக்கு ஐந்து வயதில் முதல்முதல் முட்டு வந்தபோது கனகத்துக்குப் பன்னிரண்டு. அம்மா மற்ற அறையில் காய்ச்சலோடு கிடந்தா. ஐயா வண்டில் பிடிக்க ஓடினார். கனகம்தான் அவளை மடியில் நிமிர்த்தி வைத்து முதுகை உரஞ்சிக்கொண்டு இருந்தாள், கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி, சூடு பார்த்து, கீழேயிருந்து மேலே, கீழேயிருந்து மேலே. அந்த முதுகு இப்பவும் கைக்குள்ளே இருக்கிறது, கோழிக்குஞ்சின் எலும்பு மாதிரி. மருந்தோடு வந்த அப்போதிக்கரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார், பிள்ளை, இழுக்கிற சத்தம் கேட்கிற மட்டும் பயமில்லை, சத்தம் நிண்டால்தான் ஓடி வர வேணும் என்று. அந்தக் கிழவன் செத்து எவ்வளவு காலம், இப்ப வந்து காதுக்குள்ளே குந்துகிறான். போ அங்கால. அவள் கோயிலுக்குத்தான் போயிருப்பாள்.

பிளேன் வளைச்சு எடுக்கிறான், கிழக்காலே. போகவில்லை, இன்னும் இரண்டோ மூன்றோ குண்டு கிடக்குது அவனிட்டை. கனகம் காலை நீட்டினாள். நிலம் காய்ந்து கிடந்தது. மணல் பரப்பி மேலே பலகை போட்ட நிலம், கார்த்திகை மழைக்குள்ளே ஊரிலுள்ள பங்கரெல்லாம் குளமாய்க் கிடக்க இது மட்டும் கோயில் மண்டபம் மாதிரி. காய்ந்த நிலத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தால் அந்த நினைப்பு வரும். முருங்கை இலையை நினைப்பம், சாம்பாருக்கு உப்புப் போட்டேனோ, மகன் போன கடிதத்தில் என்ன எழுதினான், பனி என்று எழுதினான், பனியிலே சறுக்கி விழுந்தானாம், தண்ணி உறைஞ்சால் வழுக்கும்தானே, தண்ணி. பார், எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. தண்ணி. சரி, என்ன செய்தது இப்ப, கொலையோ? பத்து நாளுக்கு முந்தி விடாமல் கொட்டின மழையில் இரண்டு பக்கமும் கணுக்கால் அளவு தண்ணி நின்றது. இவளுடைய முற்றத்து வெள்ளம் இவளுடைய பங்கர் வாய்க்குள்ளேதான் வழிந்தது. ஒரு திங்கட்கிழமை காலமை படலைச் சங்கிலி கிலுங்கின சத்தம் கேட்டு, விமலம் கோயிலுக்குப் போய்விட்டாள் என்று நிச்சயம் பண்ணிக்கொண்டு, மண்வெட்டியைத் தூக்கினாள். முற்றத்து வெள்ளத்தைத் திருப்பி வேலியோரம் ஒரு வாய்க்கால் வெட்டினாள். வேலிக்குக் கீழே போனால் தண்ணி எங்கே போகும், அங்கால வாய்க்குத்தான் போகும். அதோடு விட்டாளோ? உள்ளே இறங்கி, தன் பக்கத்து நிலத்தைச் சரிச்சு, கிடுகுக்குக் கீழாலே தண்ணியைத் தள்ளிவிட்டு, திரும்பி வராமல் இருக்க ஒரு சாண் உயரத்துக்கு வரம்பும் கட்டினாள். தண்ணி பள்ளத்துக்குப் போகும், அது என்ரை குற்றமோ, அவளின்ரை பக்கம் பள்ளம், பள்ளமான பக்கத்தை நானோ குடுத்தனான், அம்மா குடுத்தவ. இப்படியெல்லாம் அன்றைக்கு மண்வெட்டியோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டே வெட்டினாள்.

இரண்டு நாள் கழித்து அங்கால வாளிச் சத்தம் கேட்டது. தண்ணியை அள்ளி மேலே ஊற்றுகிற சத்தம், ஒரு வாளி, இரண்டு வாளி, பிறகு ஒன்றுமில்லை, பிறகு ஈ என்று இழுப்பு, பிறகு திரும்பவும் ஒரு வாளி. கனகம் குசினி வாசலில் இருந்து இலை உருவிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். பன்னிரண்டு வாளி. பதின்மூன்றாவது வரவில்லை. அதுக்குப் பிறகு அந்தப் பக்கம் ஒருவரும் அள்ளவில்லை, மழையும் விடவில்லை, பிளேனும் இண்டைவரைக்கும் வரவில்லை. இண்டைக்குத்தான் வந்திருக்கிறான். அப்ப விமலம் எங்கே? முட்டுக்காரி தண்ணிக்குள்ளே இறங்குவாளோ? இறங்கமாட்டாள். அப்ப வீட்டுக்குள்ளே இருக்கிறாள். ஓட்டு வீடு. கட்டிலுக்குக் கீழே படுத்திருப்பாள், கட்டில் குண்டைத் தாங்குமோ, மாமரத்துக்குக் கீழே நிற்பாள், ஐயோ, என்ன விசர் வேலை பண்ணினனான்.

செத்தால் வழக்கு முடியும். யார் இதைச் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை, நினைப்பு தானாய் வந்து தலைக்குள்ளே நின்றது, அழைக்காத விருந்தாளி மாதிரி. கனகம் தன் வாயிலே தானே இரண்டு அடி அடித்தாள், பளார் பளார் என்று. அம்மாளாச்சி, நான் நினைக்கேல்லை, அது தானாய் வந்தது. நினைக்காதது எப்படி வரும்? எங்கேயோ கிடந்துதானே வருகுது. ஊர் என்ன சொல்லும் என்று அடுத்த நினைப்பு, அதுவும் வெட்கங்கெட்டது, உயிர் போகிற நேரத்தில் ஊர். செத்தவீட்டிலே யார் முன்னுக்கு நின்று அழுகிறது, இவள்தானே, ஒரு வயிற்றில் பிறந்தவள் இவள் ஒருத்திதானே. என்ன சொல்லி அழுகிறது? வாய்க்கால் வெட்டினனான் தங்கச்சி என்று சொல்லி அழுகிறதோ? கெடுவான் கேடு நினைப்பான் என்று அம்மா எத்தனைதரம் சொன்னா. திரும்ப வந்திட்டான். காதை அடைக்கிறதோ, அடைச்சால் அங்கால சத்தம் வந்தாலும் கேட்காதே. இவள் வாயை மட்டும் திறந்துகொண்டு காதைத் திறந்தே வைத்திருந்தாள். குண்டு விழுந்தது. இந்தமுறை கிட்ட, வாசிகசாலைப் பக்கம் இருக்கும், தலைக்குள்ளே ஒரு வெண்கல மணி விடாமல் அடித்தது. மணி ஓயட்டும், ஓயட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடுகில் காதை ஒட்டினாள். ஓலைக்குள்ளே பூச்சி ஊர்கிறது. சொட்டு, சொட்டு என்று தண்ணி. வேறொன்றுமில்லை.

ஒரு சொல்லுக் கூப்பிட்டால் என்ன? விமலம் என்று ஒருதரம். கூப்பிட்டு, அவள் அங்கே சுகமாய் இருந்தால்? இருந்துகொண்டு பதில் சொல்லாவிட்டால்? மூன்று வருசத்து வைராக்கியம் ஒரு நொடியில் மண்ணாய்ப் போகும், அக்காதான் முதல் கதைச்சவள் எண்டு ஊரெல்லாம் சொல்லுவாள். கோட்டிலே நீதவானுக்கு முன்னாலே, அக்கா பொய் சொல்லுறா ஐயா என்று விரலை நீட்டினவள் அவள். அதுக்குப் பிறகு முதல் வார்த்தை இவளுடைய வாயிலிருந்தோ வரவேணும்? வாய்க்கு வந்த பெயரை விழுங்கினாள். அப்பதான் சாடை ஞாபகம் வந்தது. கதைக்காத சனம் ஒருவருக்கொருவர் சேதி சொல்லுகிற வழி அதுதானே, கோழியைப் பேசுவது, ஆட்டைப் பேசுவது, மற்றவளுக்கு விளங்கும். இந்த மூன்று வருசத்தில் கனகத்தின் கோழிகள் கேட்ட வசவு ஊரில் ஒரு கோழியும் கேட்டிராது. இங்கே கோழிக்கு எங்கே போகிறது? குற்றியிலே ஒரு பல்லி இருந்தது. அதைப் பார்த்து, இஞ்ச ஆளரவமே இல்லைப்போல கிடக்கு, தண்ணியெண்டாலும் ஒரு மூலையிலை நிக்கலாம்தானே, இந்தக் குண்டுக்குள்ளை வெளியிலை நிக்கிறதே என்று உரத்துச் சொன்னாள். பல்லி ஓடிவிட்டது. கிடுகுக்கு அங்கால மூச்சுமில்லை. கனைத்தாள். பலகையிலே காலால் அடித்தாள். தேவாரத்தில் ஒரு வரியைப் பெரிதாய்ப் பாடிப் பார்த்தாள். சாடைக்கு மறுசாடை வராமல் விடுகிறவளில்லை விமலம். வாய்க்கு வாய் குடுக்கிறவள். அப்ப அவள் அங்கே இல்லை. இல்லாவிட்டால் இருக்கிறாள், சத்தம் நின்று இருக்கிறாள். சத்தம் நிண்டால்தான் ஓடி வர வேணும், பிள்ளை.

மூன்றாம்தரம் பதிகிற சத்தம் தூரத்தில் துவங்கியது. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள், கனகத்துக்கு முதலில் ஆடியது கைதான், மனது பிறகுதான் வந்தது. பை மடியிலிருந்து எங்கே விழுந்தது என்று தெரியாது. "விமலம்" என்றாள். தன் குரல் தனக்கே அடையாளம் தெரியாமல் ஒரு கணம் திகைத்தாள். "விமலம், நிக்கிறியோடி?" கிடுகைப் பிடித்து இழுத்தாள். தானே இறுக்கிக் கட்டின கட்டு, அறுந்து வரவில்லை, மூன்று வருசத்துக் கோபம் முழுவதையும் போட்டுக் கட்டினதல்லோ. நகத்தால் கீறி, பல்லால் கயிற்றைக் கடித்து, ஓலையைப் பிய்த்து, ஓலை விரலைக் கிழித்தது, முதல் மடிப்புப் போனது. இரண்டாவது மடிப்பு விமலம் கட்டினது. நோஞ்சான் கட்டு, ஒரு தள்ளிலே சரிந்து தண்ணிக்குள்ளே விழுந்தது.

விமலம் அங்கேதான் இருந்தாள். ஒரு பழைய பித்தளைக் கிடாரத்தைக் கவிழ்த்து அதன்மேலே குந்தி, முழங்கால் வரைக்கும் செந்தண்ணிக்குள்ளே, சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயைப் பொத்திக்கொண்டு, இரண்டு தோளும் காதுவரைக்கும் ஏறி இறங்க. உதடு நாவற்பழ நிறம். கண் மட்டும் அக்காவைப் பார்த்தது. சத்தம் வெளியிலே போகக்கூடாது, அக்காவுக்குக் கேட்கக்கூடாது என்றல்லோ பொத்திக்கொண்டிருக்கிறாள், பிடிச்சிராவி, சாகிற நேரத்திலும் வீம்பு. கனகம் வரம்பைக் கடந்து இறங்கினாள், தண்ணி ஐஸாய்க் கடித்தது, எப்படித்தான் இதுக்குள்ளே இருந்தாளோ. அக்குளுக்குள்ளே கையைக் கொடுத்துத் தூக்கி, நாரி முறிந்தால் முறியட்டும் என்று இழுத்து, வரம்புக்கு இந்தப் பக்கம் காய்ந்த பலகையில் கொண்டுவந்து போட்டு மேலே தானும் விழுந்து மூடிக்கொண்டாள். அந்த நேரம்தான் விழுந்தது. எங்கே என்று தெரியாது, உலகம் முழுக்க என்றுதான் தோன்றியது. மண் கொட்டியது, இருட்டியது, வாய் நிறைய மண். பிறகு தூசிக்குள்ளாலே விமலத்தின் பக்கத்து வாயால் மெல்ல வெளிச்சம் வந்தது. கனகத்தின் பக்கத்து வாயில் மூட்டைகள் சரிந்து அடைத்துக் கிடந்தன.

நிமிர்த்தி மடியில் சாய்த்து வைத்தாள். ஈரச் சேலையை முதுகிலிருந்து விலக்கி உரஞ்சத் துவங்கினாள், கீழேயிருந்து மேலே, கீழேயிருந்து மேலே. எண்ணெயில்லை, கற்பூரமில்லை, வெறுங்கை, அதிலும் ஓலை கிழிச்ச இரத்தம். முதுகு கிழவி முதுகாய்ப் போய்விட்டது, எலும்பு மட்டும் அதே எலும்பு. மூச்சை எடடி, எடு, இன்னும் கொஞ்சம், என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரமென்று தெரியாது. பிளேன் போய்விட்டது, தெருவிலே யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஓடினார்கள். அப்போது, ஈ என்று இழுத்தது. நின்றது. திரும்பவும் ஈ என்று இழுத்தது. இந்தக் கண்றாவிச் சத்தத்தைக் கேட்டு ஒருத்திக்குக் கண்ணீர் வருமோ, கனகத்துக்கு வந்தது, வந்த கையோடு கோபமும் வந்தது, பயந்த மனுசருக்குப் பயம் போனதும் கோபம்தானே வரும். தண்ணிக்குள்ளை இருந்து சாகப் பாத்தியோ, வாயிலை என்ன கொழுக்கட்டையோ, தண்ணி நிக்குது எண்டு ஒரு சத்தம் போட்டால் குறைஞ்சு போவியோ என்று பேசிக்கொண்டே போனாள், முதுகிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை. பேசிப் பேசிக் கடைசியில் தானே வந்து அந்த இடத்தில் முட்டினாள். சொல்லாமல் விட்டால் இந்தக் கை இந்த முதுகை உரஞ்சக்கூடாது என்று தோன்றியது.

"தண்ணியைத் திருப்பினது நான்தான், விமலம்."

விமலம் ஒரு மூச்சு எடுத்தாள், அது போதவில்லை, இன்னுமொன்று எடுத்தாள். "தெரியும்" என்றாள். "நீ வெட்டேக்கை... நான் வேலிக்கு அங்காலை நிண்டு... பாத்துக்கொண்டு நிண்டனான்."

கனகத்தின் கை நின்றது. கோயிலுக்குப் போகவில்லையா? சங்கிலி கிலுங்கினதே. மண்வெட்டியோடு தான் சொல்லிச் சொல்லி வெட்டின அவ்வளவு கதையும் கேட்டுக்கொண்டு, ஒரு முழத் தூரத்தில், ஓலைக்குப் பின்னாலே நின்றிருக்கிறாள்.

"பாத்துக்கொண்டு நிண்டனியோ? பேந்து ஏனடி ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

விமலம் தலையைத் திருப்பி அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டாள் என்பதுபோல அவளுடைய முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது.

"நாங்கள் கதைக்கிறேல்லையே, அக்கா."